வாசகர் கேள்வி: ஒரே இடத்தில் மடியும் வில்

கேள்வி: ஒரே மரத்துண்டில் நானே செதுக்கிய வில்லுக்கு நாண் பூட்டியபோது, பிடியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வில்லின் மேற்கை (பிடிக்கு மேலுள்ள பாதி) மட்டும் மடிவதுபோல் வளைகிறது; மற்ற பகுதிகள் விறைப்பாக நிற்கின்றன. அந்த இடத்தில் துணி சுற்றிப் பசை தடவினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது, துணியும் பசையும் குறைந்துபோன தடிமனைத் திருப்பித் தருவதில்லை. உடனே நாணைக் கழற்றிவிட்டு, வில்லின் வயிற்றுப்பக்கத்தில், அதாவது எய்பவரை நோக்கிய பக்கத்தில், மர இழைகள் நசுங்கிக் குறுக்காக மெல்லிய சுருக்கங்கள் விழுந்துள்ளனவா என்று நல்ல வெளிச்சத்தில் தடவிப் பாருங்கள். விழுந்திருந்தால் அந்த வில்லை இழுக்காதீர்கள். அது எந்த நேரமும் முகத்தருகே முறியலாம்.

சுருக்கம் இல்லையென்றால் வில் பிழைக்கும். மடியும் இடத்தைப் பென்சிலால் கோடிட்டு ஒதுக்கிவிட்டு, அதன் இருபுறமும் விறைத்து நிற்கும் பகுதிகளை மட்டும் வயிற்றுப்பக்கத்தில் சுரண்டுங்கள். மரத்தின் விறைப்பு அகலத்துக்கு நேர்விகிதத்திலும், தடிமனின் மூன்றாம் அடுக்குக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) நேர்விகிதத்திலும் மாறுவதால், 10 மி.மீ. தடிமன் 9 மி.மீ. ஆனாலே அந்த இடத்தின் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். இழைப்புளி இனி வேண்டாம். மாவு போன்ற மெல்லிய சுருள்களை எடுக்கும் சுரண்டியே போதும். முதுகுப்பக்கத்தை மட்டும் தொடவே கூடாது, ஏனெனில் இழுவிசை முழுவதையும் தாங்குவது அங்கே அறுபடாமல் ஓடும் ஒரே ஆண்டு வளையம்தான்.

எங்கே சுரண்டுவது என்று கண் தடுமாறும்போது நான் நம்புவது ஒரு சிறு கட்டையை. சாண் நீளமுள்ள நேரான கட்டையின் நடுவில் துளையிட்டுப் பென்சிலைச் செருகி, நாண் பூட்டிய வில்லின் வயிற்றில் அதிகம் வளையும் இடத்தில் வைத்து, முனை மரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறுக்கிக்கொள்ளுங்கள். அதே கட்டையை வில்லின் மேற்கை நெடுகிலும் நகர்த்தினால், வளைவு குறைந்த இடங்களில் பென்சில் தானாகவே கோடு போடும். கோடு விழுந்த இடத்தில் நாலைந்து முறை சுரண்டி, வில்லைப் பாதியளவு முப்பது தடவை இழுத்துவிட்ட பிறகே மீண்டும் அளவு பாருங்கள். சுரண்டியதன் விளைவு அதன் பிறகுதான் முழுமையாக வெளிப்படும். நீங்கள் விரும்பும் இழுவை எடைக்கு (வில்லை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசைக்கு) மேல் ஒருபோதும் இழுக்காதீர்கள். முடிவில் எடை சற்றுக் குறைந்திருந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். முனைகளை வெட்டிக் குட்டையாக்கி எடையைக் கூட்டலாம்தான், ஆனால் ஏற்கெனவே நலிந்த இடத்துக்கு அந்தச் சுமையை நான் தரமாட்டேன்.

கேள்வி: மேற்கையும் கீழ்க்கையும் ஒரே அளவு வளைய வேண்டுமா?

பதில்: அம்பு வில்லின் நடுப்புள்ளிக்குச் சற்று மேலே செல்வதால், கீழ்க்கை சிறிது விறைப்பாக இருப்பது வழக்கம். பிடியின் இரு முனைகளிலும் நாண் வரையுள்ள இடைவெளியை அளந்தால், கீழே 3 முதல் 6 மி.மீ. வரை குறைவாக இருக்கலாம். மூன்று விரல்களையும் அம்புக்குக் கீழே வைத்து இழுப்பவருக்கு இந்த வேறுபாடு இன்னும் குறைவாகவே போதும்.