கட்டிக்கு முன்னால் கைகட்டி நிற்கும் வெள்ளையணுக்கள்: கேள்வி பதில்

நான் பேதாலஜிஸ்ட். நோயாளியின் முகத்தை அபூர்வமாகத்தான் பார்ப்பேன். அவர் உடம்பிலிருந்து எடுத்த கட்டியைத்தான் தினமும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறேன். கேன்சரும் எதிர்ப்பு சக்தியும் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். உங்கள் வீட்டு நோயாளிக்கு எந்த மருந்து என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அதை அவரைப் பரிசோதிக்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

செல்வி, கடலூர்: அப்பாவுக்கு 61 வயது. சளி, காய்ச்சல் என்று படுத்ததே இல்லை. எதிர்ப்பு சக்தி இவ்வளவு நன்றாக இருந்தவருக்கு நுரையீரலில் எப்படி வந்தது?

அப்பாவின் எதிர்ப்பு சக்தியில் குறை இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சளிக்கிருமி வெளியாள், வந்ததும் தெரிந்துவிடும். கேன்சர் செல் நம் வீட்டுப் பிள்ளை, மரபணு பழுதாகித் தறிகெட்டுப் போனது. அப்படிப்பட்ட செல்களை வெள்ளையணுக்கள் தேடித் தீர்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் செத்துப் போனால் மிஞ்சுவது எது? கண்ணில் படாதது. நெல் வயலில் களை எடுத்தவர்களுக்கு இது தெரியும்: பார்க்க நெல் மாதிரியே இருக்கும் புல்தான் கடைசி வரை பிழைத்துக் கிடக்கும். ஸ்கேனில் கட்டி என்று தெரியவரும்போது நாம் பார்ப்பது பல வருடக் களையெடுப்புக்குத் தப்பிய புல்லை.

இதை அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ராபர்ட் ஷ்ரைபர் குழு மூன்று கட்டமாகப் பிரித்துச் சொன்னது: ஒழித்தல், சமநிலை, தப்பித்தல். நடுவில் இருக்கும் சமநிலைதான் எனக்கு வியப்பு. கட்டி சாகவும் இல்லை, வளரவும் இல்லை. வெள்ளையணுக்கள் அதை அப்படியே அமுக்கி வைத்திருக்கும். ஸ்காட்லாந்தில் நடந்த ஒரு விஷயம் 2003-இல் மருத்துவ இதழில் வந்தது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அகற்றப்பட்டு 16 வருடம் கழித்து ஒருவர் இறந்தார், அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் இரண்டு பேருக்குப் பொருத்தப்பட்டன. இரண்டு பேருக்கும் மெலனோமா வந்தது, அதுவும் அவருடைய மெலனோமா. 16 வருடம் அவர் உடம்புக்குள் அடங்கிக் கிடந்த செல்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடும் உடம்புக்குள் போனதும் தலை தூக்கிவிட்டன.

குமரன், ஓசூர்: ஒளிகிறது, ஒளிகிறது என்கிறீர்கள். உண்மையில் என்னதான் செய்கிறது? கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள், நான் இன்ஜினியர், தாங்குவேன்.

சரி, தாங்குங்கள். நம் ஒவ்வொரு செல்லும் தனக்குள் என்ன புரதம் தயாராகிறது என்பதற்குச் சின்னச் சின்னத் துண்டுகளை வெளிச்சுவரில் மாட்டி வைக்கும், இன்று என்ன சமையல் என்று வாசலில் ஒரு கிண்ணத்தில் வைப்பது மாதிரி. அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் எம்எச்சி. டி செல் என்ற வெள்ளையணு தெருவில் போகிறபோது ஒவ்வொரு கிண்ணத்தையும் தொட்டுப் பார்க்கும். தெரியாத ரகம் இருந்தால் கதை முடிந்தது. அதனால் பல கட்டிகள் கிண்ணத்தையே உள்ளே எடுத்துவிடுகின்றன. கிண்ணத்தைத் தாங்குகிற பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற புரதத்தின் மரபணு உடைந்தாலே போதும், ஒன்றையும் வெளியே வைக்க முடியாது. கிண்ணம் இல்லாத வாசலைச் சந்தேகப்பட்டு அடிக்க என்கே செல் என்று வேறொரு படை உண்டு. சில கட்டிகள் அதையும் சமாளிக்கின்றன.

அடுத்தது பிடி-எல்1. டி செல்லில் பிடி-1 என்ற பிரேக் இருக்கிறது. சண்டை முடிந்த பிறகும் அடித்துக்கொண்டே இருந்தால் நம் சொந்த உறுப்புகளே சேதமாகும், அதற்காக இயற்கை வைத்த பிரேக். கட்டி தன் மேல் பிடி-எல்1 புரதத்தை நீட்டி அந்தப் பிரேக்கை மிதிக்கிறது. இதை என்னால் கண்ணால் பார்க்க முடிகிறது. சாயம் ஏற்றிய ஸ்லைடில் பிடி-எல்1 பழுப்பாகத் தெரியும். பல கட்டிகளில் பழுப்பு எல்லா இடத்திலும் இருக்காது. கருநீலப் புள்ளிகளாக வெள்ளையணுக்கள் நெருக்கி நிற்கிற ஓரத்தில் மட்டும், கேன்சர் செல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பழுப்பு வளையம் விழுந்திருக்கும். இரண்டு விரல்கடை தள்ளிப் பார்த்தால் (மைக்ரோஸ்கோப்பில் விரல்கடை ஏது, இருந்தாலும்) ஒன்றும் இருக்காது. காரணம், டி செல் தாக்கும்போது விடுகிற இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம்தான் கட்டியைப் பிடி-எல்1 போட வைக்கிறது. அடி விழுகிற இடத்தில்தான் கேடயம் முளைக்கிறது.

மூன்றாவது, வேலியே பயிரை மேய்வது. மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளையணுவைக் கட்டி தன் பக்கம் இழுத்து, தனக்கு ரத்தக்குழாய் போடும் வேலைக்கு வைத்துக்கொள்கிறது. சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களையும் கூட்டி வருகிறது. டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்து சுற்றி நார்த்திசுவில் மதில் எழுப்புகிறது. கணையப் புற்றுநோய் ஸ்லைடைப் பார்த்தால் பாதிக்கு மேல் நார்தான் இருக்கும். வெள்ளையணுக்கள் வெளியே நிற்கும். இது போக, இருக்கிற சர்க்கரையைக் கட்டியே தின்றுவிட, டி செல் பட்டினி.

பெயர் வேண்டாம் என்றவர்: கேன்சர் ஒட்டிக்கொள்ளுமா? மாமியாருக்குத் தனித் தட்டு வைத்திருக்கிறார்கள்.

தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. இன்றைக்கே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியன் டெவில் என்ற விலங்குக்குக் கடிப்பதன் மூலம் பரவும் முகக்கட்டி உண்டு, 1996-இல் முதலில் கவனித்தார்கள். அந்தக் கட்டியும் கிண்ணத்தை உள்ளே எடுத்த ரகம்தான். ஆனால் அது அந்த விலங்கின் விதி, உங்கள் மாமியாருடையது இல்லை.

முரளி, கோவை: அம்மாவுக்கு மார்பகத்தில் டிரிபிள் நெகட்டிவ் (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2வும் இல்லாத ரகம்). ரிப்போர்ட்டில் டிஐஎல் 60% என்று இருக்கிறது. அவ்வளவு பரவிவிட்டதா மேடம்? மூன்று நாளாகத் தூக்கமில்லை.

முதலில் தூங்குங்கள். அது பரவிய அளவு இல்லை. கட்டிக்குள் புகுந்த வெள்ளையணுக்களைத்தான் டிஐஎல் என்கிறோம். கேன்சர் செல்களுக்கு இடையில் இருக்கும் இணைப்புத்திசுவில் 60% இடத்தை அவை பிடித்திருக்கின்றன என்று பொருள். டிரிபிள் நெகட்டிவில் இது கூடுதலாக இருப்பது நல்ல சகுனம், கீமோவுக்கும் நன்றாகக் கேட்கும்.

கட்டி எவ்வளவு பெரிது, எங்கே பரவியது என்று மட்டும் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 2003-இல் சினைப்பைப் புற்றுநோய் பற்றி ஓர் ஆய்வு வந்தது: கட்டிக்குள் டி செல்கள் இருந்தவர்களில் 38% பேர் 5 வருடம் தாண்டினார்கள், இல்லாதவர்களில் 4.5%. 2006-இல் பாரிஸில் ஜெரோம் காலோன் குழு பெருங்குடல் கட்டிகளில் இதையே எண்ணிப் பார்த்து, எந்த வகை அணு, எத்தனை, எந்த இடத்தில் என்பது உயிர்வாழும் காலத்தோடு நெருக்கமாகப் பொருந்துவதைக் காட்டியது. இடம் முக்கியம். நூறு பேர் கோட்டைக்கு வெளியே நிற்பதும் பத்துப் பேர் உள்ளே இருப்பதும் ஒன்றில்லை. ஆனால் இதெல்லாம் கூட்டத்தின் கணக்கு. உங்கள் அம்மாவுக்கு எத்தனை வருடம் என்று இதை வைத்து யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன்.

ரஹ்மத், திருச்சி: இம்யூனோதெரபிக்கு லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். அமெரிக்க ஜனாதிபதியே பிழைத்தார் என்கிறார்கள். வீட்டை விற்றுப் போடலாமா?

ஜிம்மி கார்ட்டர். 2015-இல், 90 வயதில், மெலனோமா மூளை வரை போயிருந்தது. அறுவை சிகிச்சை, கரண்ட் (கதிர்வீச்சு), கூடவே பிடி-1 பிரேக்கை எடுத்துவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து. 100 வயது கண்டு 2024 டிசம்பரில்தான் இறந்தார். உண்மை. ஆனால் மெலனோமாவுக்கு இது நன்றாக வேலை செய்யும். வெயில் அதன் மரபணுவை ஏகத்துக்குக் கிழித்திருப்பதால் வாசல் கிண்ணத்தில் விசித்திரமான துண்டுகள் நிறைய. பிரேக்கை எடுத்துவிட்டால் டி செல் தானே கண்டுபிடித்துவிடும். பிரேக்கைக் கண்டுபிடித்த கியோட்டோவின் தசுகு ஹோன்ஜோவுக்கும், வேறொரு பிரேக்கைத் தடுத்துக் காட்டிய ஜேம்ஸ் ஆலிசனுக்கும் 2018-இல் நோபல் கொடுத்தார்கள். முன்பு முற்றிய மெலனோமாவில் பெரும்பாலோர் ஒரு வருடம் தாண்டுவதே கஷ்டம். இரண்டு பிரேக்கையும் சேர்த்து எடுக்கும் மருந்து பெற்றவர்களில் 43% பேர் 10 வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

நுரையீரலில் அந்த அளவு இல்லை. கேன்சர் செல்களில் பாதிக்காவது பிடி-எல்1 இருந்தவர்களில் 5 வருடம் தாண்டியவர்கள் பெம்ப்ரோலிசுமாபில் 31.9%, கீமோவில் 16.3%. கணையத்தில் பெரும்பாலோருக்குப் பலனே இல்லை. அதனால் வீட்டை விற்கும் முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது: எந்த உறுப்பு, பிடி-எல்1 எவ்வளவு, எம்எஸ்ஐ பார்த்தாயிற்றா. மரபணுவை நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்த முடியாத கட்டியா என்று காட்டுவது எம்எஸ்ஐ. அது கூடுதலாக இருந்தால் ஆட்டமே வேறு. நியூயார்க்கில் அப்படிப்பட்ட மலக்குடல் புற்றுநோய்க்காரர்கள் 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற, பிடி-1 பிரேக்கை எடுக்கும் மருந்தை மட்டும் போட்டு, 12 பேருக்கும் கட்டி கரைந்ததை 2022-இல் அறிவித்தார்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கு ரொம்ப முக்கியமானது. முற்றிய வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு மும்பை டாடா மெமோரியலில் மாத்திரை கீமோவோடு 3 வாரத்துக்கு ஒரு தடவை அதே ரக மருந்தான நிவோலுமாப் வெறும் 20 மில்லிகிராம் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான டோஸ் 2 வாரத்துக்கு 240. ஒரு வருடம் தாண்டியவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். முழு டோஸோடு ஒப்பிட்ட ஆய்வு இல்லை இது. ஆனாலும் முழு டோஸ் வாங்க முடியாதவர் இதைப் பற்றித் தயங்காமல் கேட்கலாம்.

பலர்: எதிர்ப்பு சக்தி கூட்ட கபசுரக் குடிநீர், வைட்டமின் மாத்திரை, பப்பாளி இலைச் சாறு?

பிரேக் மிதித்த வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றி என்ன செய்ய? எது குடித்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். ஈரல் டெஸ்ட் ஏறினால் மருந்தாலா, சாற்றாலா என்று எங்களுக்குத் தெரியாமல் போகும்.

ஜெனிஃபர், தூத்துக்குடி: அண்ணனுக்கு இம்யூனோதெரபி ஊசி நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. நாலு நாளாக வயிற்றுப்போக்கு. ஹோட்டல் சாப்பாடாக இருக்குமோ?

இதைப் படித்ததும் அவருடைய டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பிரேக் இல்லாத வெள்ளையணுக்கள் குடலையே தாக்கலாம். தைராய்டு, நுரையீரல், அபூர்வமாக இதயத்தையும். மருந்து நின்று மாதக்கணக்கான பிறகும் வரும். வேறு டாக்டரிடம் போனாலும் இம்யூனோதெரபி எடுத்தவர் என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

சுந்தர், சேலம்: இம்யூனோதெரபியில் ஒன்றரை வருடம் நன்றாக இருந்து கட்டி மறுபடி வளர்கிறது. மருந்து தோற்றதா?

களையெடுப்பு இன்னொரு சுற்று நடந்திருக்கிறது. 2016-இல் இப்படித் திரும்பி வந்த மெலனோமா நோயாளிகள் நான்கு பேரின் கட்டியைப் பழையதோடு ஒப்பிட்டார்கள். ஒருவருக்கு நான் சொன்ன கிண்ணம் தாங்கும் மரபணு உடைந்திருந்தது. இருவருக்கு இன்டர்ஃபெரானைக் கேட்கும் மரபணு. அதனால் முடிந்தால் புதுக் கட்டியில் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள். போகும்போது முதல் ஆபரேஷன் நடந்த இடத்தில் மெழுகு பிளாக்கையும் (கட்டித் துண்டை மெழுகில் பதித்து வைத்தது) எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கண்ணாடி ஸ்லைடு மட்டும் போதாது, பிளாக் இருந்தால்தான் புதிதாக வெட்டி டெஸ்ட் செய்ய முடியும். வெயிலில் வைக்காதீர்கள், உருகிவிடும்.