அழைக்காமல் வரும் நினைவுகள்

கேள்வி: ஏதோ வேலையில் இருக்கும்போது பழைய சம்பவம் ஒன்று திடீரென்று மனத்தில் தோன்றுகிறது. சில சமயம் இனி நடக்கவிருப்பதும் அப்படியே காட்சியாக வருகிறது. இது மனக்கோளாறா?

பதில்: கோளாறு அன்று. ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே இத்தகைய நினைவுகளைத் தனி வகையாகக் குறிப்பிட்டார். டென்மார்க்கைச் சேர்ந்த டோர்தே பெர்ன்ட்சன், பங்கேற்பாளர்களை நாட்குறிப்பு எழுதவைத்து, இவை எல்லோருக்கும் அன்றாடம் வருபவை என்று காட்டினார்.

கவனம் தளர்ந்திருக்கும் வேளையில், கண்ணிலோ காதிலோ மூக்கிலோ படும் ஏதோ ஒன்று இவற்றைத் தூண்டிவிடுகிறது. சட்டைக்கு இஸ்திரி போடும்போது சூடான துணியிலிருந்து எழும் மணம், புதுப் பள்ளியில் சேர்ந்த நாளையும், கழுத்தை உறுத்திய காலரையும், வாசலில் கையை விட்டுவிட்டுத் திரும்பிப் போன அப்பாவின் முதுகையும் ஒருசேரக் கொண்டுவந்துவிடலாம். ஆனால் தினமும் இஸ்திரி போடுபவருக்கு அந்த மணம் எத்தனையோ நாட்களோடு கலந்துவிட்டிருப்பதால் பெரும்பாலும் எதுவும் தோன்றாது. ஒரு தூண்டுதல் ஏதேனும் ஒரு நிகழ்வோடு மட்டும் நெருங்கிப் பிணைந்திருந்தால்தான் அந்த நினைவு மேலெழும். நினைவு வெள்ளத்தில் நாம் மூழ்கிப்போகாமல் இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம் என்பேன்.

அதே மணம் அடுத்த வாரம் போகவிருக்கும் நேர்முகத் தேர்வையும் கண்முன் நிறுத்தக்கூடும். நடந்ததை நினைப்பதற்கும் நடக்கவிருப்பதைக் கற்பனை செய்வதற்கும் மூளையின் ஹிப்போகாம்பஸ் உள்ளிட்ட பகுதிகள் பெரிதும் பொதுவானவை. கனடாவில் 1981-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை பாதிக்கப்பட்ட, கே.சி. என்ற முதலெழுத்துகளால் அறியப்படும் ஒருவருக்கு, உலகம் பற்றிய பொது அறிவு பெரிதும் எஞ்சியிருந்தும், தன் வாழ்வில் நடந்த ஒரு நிகழ்வைக்கூட மீண்டும் மனத்தில் காண முடியவில்லை. நாளை என்ன செய்வீர்கள் என்று உளவியலாளர் எண்டெல் டல்விங் கேட்டபோதும் அவர் மனம் வெறுமையாகவே இருந்தது. பழைய அனுபவத் துணுக்குகளைப் புதிதாகக் கோத்துத்தான் வருங்காலத்தை நாம் கற்பனை செய்கிறோம் என்னும் கருத்துக்கு இது வலுவான சான்று. எனவே வேண்டாத இடையூறாகத் தோன்றும் இந்நினைவுகளை, மனம் நாளைக்கு ஆயத்தமாகும் வேலையின் ஒரு பகுதியாகவே நான் மதிக்கிறேன். பழைய நினைவுகளைவிட வருங்காலக் காட்சிகளில் பொதுவாக நிறம், ஒலி போன்ற புலன் விவரம் குறைவு, இனிமை மிகுதி.

ஆனால் ஒரே துயரக் காட்சி திரும்பத் திரும்ப வந்து உறக்கத்தையும் வேலையையும் கெடுக்குமானால், அதைத் தனியே சுமக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்குப் பயனுள்ள சிகிச்சைகள் இருக்கின்றன.