புதுசா பிஎச்ஐயா வாற தம்பிக்கு: மழைக்கு முதல் கிணத்தை அளந்து வையுங்கோ

கேள்வி: "வணக்கம் ஐயா. பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பயிற்சி முடிச்சு முல்லைத்தீவு மாவட்டத்தில ஒரு எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு நியமனம் கிடைச்சிருக்கு, ஐப்பசியில பொறுப்பெடுக்கிறன். மழை தொடங்கினா கிணறு, நுளம்பு, எலிக்காய்ச்சல் எல்லாம் ஒண்டா வரும் எண்டு சீனியர் அண்ணையாக்கள் வெருட்டினம். எதில தொடங்கிறது? பிரதேச சபை சொல்லுறதைக் கேக்கிறதோ எம்ஓஎச் சொல்லுறதைக் கேக்கிறதோ? கடைக்காரரோட எப்பிடிப் போறது? பைக் கட்டாயம் வேணுமோ?"

தம்பி, நாலு கேள்வி கேட்டிருக்கிறீங்கள். நான் கிணத்தடியில தான் கனநேரம் நிக்கப்போறன், கோவிக்காதேங்கோ. மற்ற வேலையில பிழை விட்டா அடுத்த கிழமை போய்த் திருத்தலாம், தண்ணியில விட்டா ஊருக்கே வயித்தாலடி.

முதல் வருசம் நான் செய்த கூத்தைச் சொல்லுறன். ஒரு வீட்டுக் கிணத்துக்கு ரீசீஎல் எண்ட குளோரின் பவுடரை கண்மதிப்பில ரெண்டு சிரட்டை அள்ளிப் போட்டிட்டு வந்திட்டன், அளக்கேல்லை ஒண்டுமில்லை, பெரிய கிணறு தானே தாங்கும் எண்டு ஒரு நினைப்பு. ஒரு கிழமையால போய்க் கேட்டா அந்த அம்மா சொல்லுறா, "தம்பி நீ மருந்து போட்ட நாளில இருந்து தண்ணி வாயில வைக்கேலாது, நான் வாய்க்கால் தண்ணியில தான் சமைக்கிறன்" எண்டு. நல்ல கிணத்துத் தண்ணியை விட்டு மாடு குளிக்கிற வாய்க்காலுக்கு அவவை அனுப்பினது நான் தான். அண்டைக்குப் பிறகு அளக்கிற ரேப் இல்லாமல் ஒரு கிணத்தடிக்கும் போகேல்லை.

கணக்கு லேசு. கிணத்தின்ர உள்விட்டத்தை மீற்றரில அளவுங்கோ, ஒரு கயித்தில கல்லைக் கட்டி இறக்கி நனைஞ்ச அளவைப் பாத்தா தண்ணி எவ்வளவு நிக்குது எண்டு தெரியும். விட்டத்தை விட்டத்தாலயே பெருக்கி, தண்ணி ஆழத்தால பெருக்கி, பிறகு 785 ஆல பெருக்குங்கோ, வாறது லீற்றர். 3 மீற்றர் விட்டம், 2.4 மீற்றர் தண்ணி எண்டா கிட்டத்தட்ட 17,000 லீற்றர். பவுடரில 33 வீதம் குளோரின் இருந்தா 1000 லீற்றருக்கு 2.5 கிராம் கணக்கு, அப்ப 17,000 க்கு 42, 43 கிராம் போதும். நான் போட்ட ரெண்டு சிரட்டையை நினைச்சுப் பாருங்கோ! நிறுக்கிறதுக்கு பலசரக்குக் கடை எலெக்ரோனிக் தராசு காணும், கடைக்காரரிட்டை ஒருக்கா கேட்டு 10, 20, 50 கிராம் அளவுக்கு மூண்டு சின்ன டப்பாவில அடையாளம் போட்டு வைச்சிருங்கோ, நான் கடைசி வரைக்கும் அப்பிடித்தான் கொண்டு திரிஞ்சனான்.

பவுடரை நேர கிணத்துக்குள்ள கொட்டாதேங்கோ. பிளாஸ்டிக் வாளியில கொஞ்சத் தண்ணி விட்டு களி மாதிரிக் குழைச்சு, பேந்து வாளி முக்காவாசி நிரப்பி ஒரு பத்து நிமிசம் விட்டா சுண்ணாம்பு அடியில தங்கும், மேல தெளிஞ்சதை மட்டும் இன்னொரு வாளியில ஊத்தி, அந்த வாளியைக் கயித்தில கட்டி தண்ணிக்குள்ள இறக்கி மேலயும் கீழயும் நாலு பக்கமும் ஆட்டுங்கோ. தகர வாளி வேண்டாம், அரிச்சுப்போடும். பின்னேரம் எல்லாரும் குளிச்சு முடிஞ்ச பிறகு போட்டா விடிய மட்டும் ஆரும் அள்ளமாட்டினம், குளோரினுக்கும் வேலை செய்ய நேரம் கிடைக்கும். விடியப் போய் கொம்பரேற்றரில (நிறத்தை வைச்சு குளோரினை அளக்கிற கருவி) மிச்சக் குளோரினைப் பாருங்கோ, லீற்றருக்கு 0.2 இல இருந்து 0.5 மில்லிகிராமுக்குள்ள நிக்கவேணும். ஒண்டுமே காட்டேல்லை எண்டா ஒண்டில் தண்ணி கலங்கல், இல்லாட்டி பவுடர் செத்துப்போச்சு. மூடி இறுக்காமல் வெக்கையில கிடந்த பவுடரில குளோரின் பறந்து வெறும் சுண்ணாம்பு தான் மிஞ்சும், ஸ்ரோரில பழைய பைக்கற் தந்தா முதல்ல ரெஸ்ற் பண்ணிப் பாத்திட்டுக் கொண்டுபோங்கோ.

கலங்கல் தண்ணியில குளோரின் எடுபடாது. எங்கட சனம் தேத்தாங்கொட்டை உரைச்சு விடும், கிணத்துக்கு நெல்லிக்கட்டை போடும். அதைப் பகிடி பண்ணாதேங்கோ, தேத்தாங்கொட்டை கலங்கலை இறக்கும் தான், ஆனா கிருமியைக் கொல்லாது. "தெளிய வைச்சது நல்லம் அம்மா, இனி நான் மருந்தை விடுறன்" எண்டு சொன்னா அவைக்கும் சந்தோசம், உங்களுக்கும் வேலை முடியும்.

வெள்ளம் ஏறின கிணறு வேற கதை. 2018 மார்கழியில இரணைமடுக் குளம் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு ரெண்டும் தாண்டு கிடந்ததை நீங்களும் பாத்திருப்பீங்கள், 2024 கார்த்திகையிலயும் வெள்ளம் வந்தது. அப்ப தண்ணி வடிஞ்ச உடனே சனம் மோட்டரைப் போட்டு ஒரே அடியா இறைக்கத் தொடங்கும். மறியுங்கோ. சுத்தி நிலம் ஊறிக்கிடக்கேக்க கிணத்தை வெறுமையாக்கினா வளையம் இடிஞ்சு உள்ள விழும். கொஞ்சம் கொஞ்சமா இறைச்சு, சேறு, குப்பை, செத்த தவளை எல்லாம் எடுத்துப்போட்டு, ஊத்துத் தண்ணி வந்த பிறகு லீற்றருக்கு 50 மில்லிகிராம் வாற மாதிரி கடும் டோஸ் போடவேணும், எங்கட 17,000 லீற்றர் கிணத்துக்கு அது 2.6 கிலோ பவுடர் அளவில வரும். கட்டுச் சுவரையும் அதே தண்ணியால கழுவிவிட்டு ஒரு இரவு விட்டு, மணம் போகுமட்டும் இறைச்சு ஊத்தவேணும். இறைக்கிற தண்ணியை மீன் நிக்கிற குளத்துக்கோ வாய்க்காலுக்கோ விடாதேங்கோ. அதுக்குப் பிறகு தான் சாதாரண டோஸ். அதுவரைக்கும் குடிக்கிற தண்ணி பவுசரில (தண்ணி வண்டியில) வரவேணும். பவுசரிலயும் குளோரின் பாருங்கோ, வாற வழியில ஆர் எங்க நிரப்பினது எண்டு தெரியாது. 2009 இல இடம்பெயர்ந்த சனம் இருந்த செட்டிகுளம் முகாம்களில நாங்கள் ஒரு நாளைக்கு எத்தினை பவுசர் பாத்தம் எண்டு கணக்கில்லை, கியூவில நிக்கிற சனம் திட்டும், ரெண்டு நிமிசம் பொறுங்கோ அம்மா எண்டு கெஞ்சிக்கொண்டு தான் ரெஸ்ற் பண்ணினது.

குளோரின் எல்லாத்துக்கும் மருந்தில்லை எண்டதையும் சனத்துக்குச் சொல்லுங்கோ. வவுனியா வடக்கு, செட்டிகுளம், வெலிஓயா பக்கங்களில கிட்னி வருத்தக்காரர் இருக்கினம், கன கிணறுகளில தண்ணி கடினம், புளோரைட்டும் கூட. குடிதண்ணிக்கு எங்கட நாட்டுத் தரம் சொல்லுற புளோரைட் எல்லை லீற்றருக்கு 1 மில்லிகிராம். இதை குளோரினும் எடுக்காது, கொதிக்க வைச்சாலும் போகாது, கொதிச்சு வத்தினா கூடத்தான் செய்யும். அதுக்கு ஆர்ஓ பிளாண்டில (மெல்லிய சவ்வால வடிக்கிற இடம்) எடுக்கிற தண்ணி தான். ஆனா ஆர்ஓ தண்ணியில குளோரின் மிச்சமிராது, ஆகையால அந்த நீலக் கான் ஊத்தையெண்டா நல்ல தண்ணியும் ஊத்தை தான். பிளாண்டுக்குப் போனா மெசினை மட்டும் பாத்திட்டு வராமல் கானுக்குள்ள ரோர்ச் அடிச்சுப் பாருங்கோ, உள்ள பச்சைப் பாசி கையில வழுக்கும்.

மலகூடக் குழிக்கும் கிணத்துக்கும் இடையில குறைஞ்சது 50 அடி எண்டு நாங்கள் சொல்லுறது. வன்னியில காணி பெருசு, ஆனா வீட்டுத்திட்டம் வந்த நேரம் கன பேர் அவசரத்தில கிட்டக் கிட்ட வெட்டிப்போட்டினம். அதையும் ரேப்பால அளந்து எழுதிவையுங்கோ.

சபையோ எம்ஓஎச்சோ எண்டு கேட்டீங்கள். உங்கட சம்பளமும் மேலதிகாரியும் சுகாதாரத் திணைக்களம், எம்ஓஎச் தான். ஆனா கடைக்கு உரிமம் குடுக்கிறது, குப்பை, சந்தை, இறைச்சிக்கடை, சுடலை எல்லாம் 1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டப்படி சபையின்ர வேலை, அதுக்கு சிபாரிசு எழுதுறது நீங்கள். உணவுச் சட்டம், அது 1980 இன்ர 26 ஆம் இலக்கம், அதில வழக்குப் போடுறதும் நீங்கள் தான். 2023 பங்குனியில இருந்து 2025 தேர்தல் மட்டும் சபையளைச் செயலாளர்மார் தான் நடத்தினவை, அப்ப ஒரு ஆளோட கதைச்சாக் காணும். இப்ப உறுப்பினர்மார் இருக்கினம். "அவர் எங்கட ஆள், ஒருக்கா பாத்துச் செய்யுங்கோ" எண்டு போன் வரும், கட்டாயம் வரும். சண்டை பிடிக்காதேங்கோ, "ஓம் ஐயா, நீங்களும் ஒருக்கா வந்து அந்தக் குசினியைப் பாருங்கோவன், சேர்ந்தே போவம்" எண்டு சொல்லுங்கோ. எனக்குத் தெரிஞ்சு வந்த ஆள் ஒராள் தான், அவரும் வாசலிலயே நிண்டு திரும்பிப் போட்டார்.

கடைக்காரர்: முதல் விசிற்றில சாப்பாட்டுக் கடையைப் பரிசோதிச்சு எழுதுற எச் 800 படிவத்தோட போங்கோ, வழக்குப் புத்தகத்தோட போகாதேங்கோ. கண்ணாடிப் பெட்டியை விட்டிட்டு நேர பின்னால போங்கோ, கோப்பை கழுவுற இடம் தான் முழுக்கதையும் சொல்லும். ஒரு பேசினில காலமை விட்ட தண்ணி, மேல எண்ணெய் மிதக்கும், அதுக்குள்ள நூறு கோப்பை முங்கி எழும்பியிருக்கும். கொத்துக்கு வெட்டி வைச்ச இறைச்சி எந்த நேரத்தில இருந்து வெளியில கிடக்குது எண்டு கேளுங்கோ, தெர்மோமீற்றரைக் குத்திப் பாருங்கோ. குளிரில வைக்கிறது 5 பாகைக்குக் கீழ, சூட்டில வைக்கிறது 60 க்கு மேல, இடையில கிடக்கிறது தான் வாந்தி. மீனுக்கு வந்த ஐசை சர்பத்துக்குப் போடுறாங்களோ எண்டு பாருங்கோ, வெய்யில் காலத்தில இது நடக்கிறது. வேலை செய்யிற பொடியளின்ர மருத்துவச் சான்றிதழ், தைபொயிட் ஊசி, நகம், இவ்வளவும் பாத்தா முதல் நாளுக்குக் காணும். என்ன திருத்தவேணும், எந்தத் திகதிக்குள்ள எண்டு எழுதிக் குடுத்து கையெழுத்து வாங்குங்கோ. சொன்ன திகதிக்குப் போங்கோ, ஒரு நாள் பிந்தினாலும் "ஐயா சும்மா சொன்னவர்" எண்டு ஆயிடும்.

எழுதிறது எண்டு சொல்லேக்க ஒண்டு ஞாபகம் வருது. நான் போட்ட ஒரு வழக்கு தள்ளுபடியானது. கடை மோசம் தான், படமும் இருந்தது, ஆனா என்ர கொப்பியில ஒரு திகதி, அறிக்கையில அடுத்த நாள் திகதி. வீட்டை வந்து இரவு எழுதினதால வந்த வினை. எதிர்த்தரப்பு அப்புக்காத்து அதை மட்டும் தான் கேட்டவர், மூண்டு நிமிசத்தில முடிஞ்சுது. அதே பின்னேரம் அந்தக் கடை வாசலால பைக்கில போகேக்க முதலாளி சிரிச்சுக்கொண்டு கை காட்டினார், இப்பவும் அந்தச் சிரிப்பு கண்ணுக்குள்ள நிக்குது. அந்த இடத்திலயே நிண்டு எழுதுங்கோ தம்பி, மழை எண்டாலும் தாவாரத்தில ஒதுங்கி நிண்டு எழுதுங்கோ.

எலிக்காய்ச்சலுக்கு காலபோக விதைப்புக்கு முதலே கமக்கார அமைப்புக் கூட்டத்துக்குப் போங்கோ. வயலுக்குள்ள இறங்கிற ஆக்களுக்கு எம்ஓஎச் தீர்மானிக்கிறபடி கிழமைக்கு ஒருக்கா டொக்சிசைக்கிளின் குளிசை 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு, நல்லாத் தண்ணி குடிச்சு. கர்ப்பிணி அம்மாமாருக்கும் சின்னப் பிள்ளையளுக்கும் அது இல்லை. கன பேர் வயித்தை எரியுது எண்டு கூரையில சொருகி வைப்பினம், வெறும் வயித்தில போட்டிருப்பினம் எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ. குளத்தில மீன் பிடிக்கிற ஆக்களை மறந்துபோடாதேங்கோ, கூட்டத்துக்கு அவை வராயினம். 2024 மார்கழியில யாழ்ப்பாணத்தில எலிக்காய்ச்சலால ஆக்கள் செத்த நேரம் காய்ச்சலோட நாள்க்கணக்கா வீட்டில கிடந்து பிந்தி வந்தவை இருந்தவை. காய்ச்சல், கெண்டைக்கால் நோ, கண் சிவப்பு, மூத்திரம் குறையுது எண்டா நேர ஆஸ்பத்திரி, அங்க "நான் வயலில நிண்டனான்" எண்டு வாயால சொல்லவேணும்.

நுளம்புக்கு 2007 ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கு, ஆனா முதல்ல ரயர், சிரட்டை, பீலி, பிறிட்ஜுக்குப் பின்னால இருக்கிற தட்டு. மாட்டுக்குத் தண்ணி வைக்கிற சீமெந்துத் தொட்டியை ஊத்திவிட்டாக் காணாது, சுவரைத் தேச்சுக் கழுவச் சொல்லுங்கோ, முட்டை ஒட்டிக்கொண்டு காய்ஞ்சு கிடந்து மாசக்கணக்கால தண்ணி பட்டாலும் பொரிக்கும். எச் 544 (தொற்றுநோய் அறிவித்தல் படிவம்) வந்தா அண்டைக்கே நோயாளியின்ர வீட்டை போங்கோ, அங்க விசாரிச்சு எழுதவேண்டிய எச் 411 ஐ மேசையில இருந்து நிரப்பிற பழக்கம் ஆரும் பழக்கினாலும் பழகாதேங்கோ.

வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வரும், அதுக்கு ஒரு மாசம் முதலே தண்ணித் தாங்கி, மலகூடம், தாகசாந்திப் பந்தல் எல்லாத்துக்கும் ஓடவேண்டி வரும், அதைப் பற்றி சித்திரையில கேளுங்கோ, விபரமா எழுதுறன்.

பைக் வேணும். பரந்தன் - முல்லைத்தீவு ஏ35, மாங்குளம் - முல்லைத்தீவு ஏ34 ரெண்டும் இப்ப நல்ல றோட்டு, ஆனா உங்கட வீடுகள் றோட்டில இல்லை, உள்ளுக்குள்ள கிரவல் பாதையில நாலஞ்சு கிலோமீற்றர், மழைக்கு அதுவும் சேறு. சீற்றுக்குக் கீழ ரேப், கயிறு, ரோர்ச், மழைக்கோட்டு. பவுடர் டப்பாவை வேற பையில கட்டுங்கோ, ஈரம் பட்டா உடுப்பெல்லாம் வெளிறிப்போகும், பெற்றோல் கானோட ஒண்டா வைக்கவே கூடாது. ஒட்டுசுட்டான் பக்கக் காட்டு றோட்டுகளால பொழுதுபட்டாப் பிறகு தனிய வராதேங்கோ, யானை நிக்கும், ஹோர்ண் அடிச்சா விலகாது, தூரத்தில நிண்டு அது கடந்து போகுமட்டும் பொறுக்கவேணும், இல்லாட்டி திரும்பி வந்து கடைசியாப் போன வீட்டில தங்கிடுங்கோ, சோறும் போடுவினம்.