சேறு காயும் முன்னே: டர்பன் வாசகர்களின் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மழை வெள்ளத்தைப் பற்றியவை. அதிலும் பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர்களும் அதன் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களும் ஒரே விஷயத்தை வேறு வேறு பக்கத்திலிருந்து கேட்டிருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன்.

திருநெல்வேலியிலிருந்து வந்து இங்கே ஒப்பந்தத்தில் பாடம் நடத்துகிறேன். போன மழையில் வாடகை வீட்டின் கீழ்த்தளம் முழுக்கச் சேறு. திருத்த வேண்டிய விடைத்தாள்களைத் துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறேன். அலுவலகத்திலிருந்து ‘மன ஆறுதல் தேவைப்படுவோர் இந்த எண்ணை அழைக்கவும்’ என்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அடுத்த நிமிஷமே மதிப்பெண் பட்டியலுக்குக் கெடு வெள்ளிக்கிழமை என்று இன்னொன்று. லீவு கேட்டால் அடுத்த ஒப்பந்தம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், பைன்டவுன்)

கேளுங்கள் அம்மா, தயங்காதீர்கள். ஆனால் வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். தென்னாப்பிரிக்க வேலைச் சட்டத்தில் குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருஷத்துக்கு 3 நாள் சம்பளத்தோடு உண்டு. நாலு மாதத்துக்கு மேல் வேலையில் இருந்து, வாரத்தில் நாலு நாளாவது வேலை செய்பவர்களுக்கு அது ஒப்பந்தமானாலும் பொருந்தும். ஆனால் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, நெருங்கிய உறவில் சாவு என்றால்தான் அது கிடைக்கும், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்ததற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதனால் உங்கள் பல்கலைக்கழகத்தின் விதிகளில் சிறப்பு விடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் ஆண்டு விடுப்பில் போடுங்கள். அதைவிட முக்கியம், கெடுவைத் தள்ளிவைக்கக் கேட்பது. துணிக்கொடியில் விடைத்தாள் தொங்குவதைப் படம் எடுத்து அந்த மின்னஞ்சலோடு அனுப்புங்கள், அதைப் பார்த்த பிறகும் வெள்ளிக்கிழமைதான் என்று சொல்ல ஒரு துறைத்தலைவருக்கு மனசு வராது.

கழுவித் தள்ளும் முன்னே சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிகிற மாதிரி ஒவ்வொரு அறையையும் படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரருடைய காப்பீடு கட்டடத்துக்குத்தான், உங்கள் மெத்தைக்கும் மடிக்கணினிக்கும் நீங்கள் தனியாக எடுத்திருந்தால்தான் பணம் வரும். ஓய்வூதிய நிதியில் உங்களைச் சேர்த்திருந்தால், 2024 செப்டம்பர் 1 முதல் வந்த, சேமிப்புக்கு ஒரு பங்கு, ஓய்வுக்கு ஒரு பங்கு என்று பிரிக்கிற இரட்டைப் பானைத் திட்டப்படி சேமிப்புப் பங்கிலிருந்து வரி ஆண்டுக்கு ஒரு தடவை எடுக்கலாம், குறைந்தது 2,000 ராண்ட் எடுக்கவேண்டும், அதற்கு வருமான வரியும் பிடிப்பார்கள். வேறு வழியே இல்லாதபோதுதான் அதில் கை வையுங்கள்.

அந்த இரண்டு மின்னஞ்சல்களைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும். மன ஆறுதல் எண் வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் சேறு இருக்கிறவருக்கு முதலில் வரவேண்டியது, ‘எங்கே தங்கியிருக்கிறீர்கள், என்ன வேண்டும்’ என்று கேட்கிற ஒரு போன். துறைக்கு ஒருவர் உட்கார்ந்து பட்டியலை எடுத்து வரிசையாகப் போன் போட்டால் ஒரே நாளில் முடிகிற வேலை. பாதிக்கப்பட்டவரே எண்ணைத் தேடி அழைக்கட்டும் என்று விட்டுவிட்டால், உங்களை மாதிரி ஒப்பந்தத்தில் இருப்பவர்கள்தான் கடைசிவரை அழைக்காமல் இருந்துவிடுவார்கள்.

எங்கள் ஊழியர் சங்கத்தில் வெள்ள நிவாரணத்துக்குக் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. பொருளாக வாங்கிக் கொடுப்பதா, பணமாகவா? வரிச்சலுகை உண்டா? (சாட்ஸ்வொர்த்)

பணமாகவே கொடுங்கள். யாருக்கு அடுப்பு போயிற்று, யாருக்குப் பிள்ளையின் பள்ளிச் சீருடை போயிற்று என்பது அவரவருக்குத்தான் தெரியும். பேராசிரியர்களோடு நிறுத்திவிடாதீர்கள், துப்புரவு செய்பவர், வாசல் காவலர், உணவகத்தில் வேலை செய்பவர் எல்லாரும் பட்டியலில் இருக்கட்டும், அவர்கள் வெளிக் கம்பெனி ஆட்களாக இருந்தாலும் சரி. பெரும்பாலும் ஆற்றோரத்திலும் சரிவிலும் குடியிருப்பவர்கள் அவர்கள்தான். கொடுக்கும்போது தயவுசெய்து படம் பிடிக்க வேண்டாம். வரி விஷயம் சுருக்கமாக: சக ஊழியர் கையில் நேராகக் கொடுப்பதற்குச் சலுகை கிடையாது, வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவில் சான்றிதழ் தர அனுமதி பெற்ற தொண்டு அமைப்பு வழியாகக் கொடுத்தால்தான், அதுவும் வரிக்குரிய வருமானத்தில் 10 சதவீதம் வரை.

நாங்கள் டொங்காட்டில் இருக்கிறோம். ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேள்வித்தாளோடு வருகிறார்கள். நாங்களும் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் யாரும் திரும்பி வருவதில்லை. இவர்களால் எங்களுக்கு என்ன லாபம்? (ஓய்வுபெற்றவர், டொங்காட்)

ஐயா, உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததுமே கோபத்தின் அளவு புரிந்தது. 2022 ஏப்ரல் 11 ராத்திரி, சித்திரைப் பிறப்புக்கு மூன்று நாள் முன்னே, டர்பன் பக்கம் சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நானூறு பேருக்கு மேல் போனார்கள். உங்கள் ஊரின் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தையே வெள்ளம் அடித்துப்போட்டுவிட, மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்றீர்கள். அது சரியாகி மூச்சு விடுவதற்குள் 2024 ஜூன் 3-ல் டொர்னாடோ என்கிற சுழற்காற்று வந்து கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போனது. இவ்வளவுக்கும் பிறகு ‘உங்கள் அனுபவத்தை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் மதிப்பிடுங்கள்’ என்று ஒரு தாளை நீட்டினால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது.

பதில் சொல்லியே தீரவேண்டும் என்று இல்லை. ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழு கொடுத்த அனுமதிக் கடிதம் இருக்கவேண்டும், காட்டச் சொல்லுங்கள். உங்கள் சம்மதத்தைக் கேட்கவேண்டும், பாதியில் வேண்டாம் என்றாலும் அவர்கள் எழுந்து போகவேண்டும். முடிவு என்ன என்பதை உங்கள் கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ வந்து சொல்வோம் என்று எழுதித் தரச்சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்பவர்களோடு பேசுங்கள், மற்றவர்களை அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், லாபம் என்ன என்று கேட்டீர்களே. சோறு சமைத்துப் போட நமக்குப் பல்கலைக்கழகம் வேண்டாம், கோயில்கள் அதை நன்றாகவே செய்கின்றன. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு பொங்கியபோது ‘படவட்டன் ஆறு பேர்’ என்று பெயர் பெற்ற மீனவர்கள் படகை ஓட்டிப்போய் நூற்றுக்கும் மேற்பட்ட நம் தோட்டக்காரர்களை இழுத்துக் கரைசேர்த்தார்கள், அன்றைக்கு அங்கே எந்தப் படிப்பாளியும் இல்லை. ஆனால் வீட்டு ஜோஜோ தொட்டியில் (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) இருக்கிற தண்ணீரைக் குடிக்கலாமா என்று சோதிக்க ஆய்வகம் அவர்களிடம் இருக்கிறது. விரிசல் விட்ட சுவருக்குள் பிள்ளைகளைத் தூங்கவைக்கலாமா என்று பார்த்துச் சொல்லக் கட்டடப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அடித்துக்கொண்டு போனவருக்குக் காசு வாங்காமல் மனு எழுதித் தரச் சட்ட உதவி மையம் இருக்கிறது. உங்கள் தெருவாசிகள் சேர்ந்து துணைவேந்தருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், கேள்வித்தாள் வேண்டாம், இந்த மூன்றையும் கொண்டு வாருங்கள் என்று. எங்கே அனுப்பவேண்டும் என்று எனக்கு எழுதினால் சொல்கிறேன்.

உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமாவது இதை ஒழுங்காகச் செய்திருக்கிறதா? (சென்னை)

முழுக்க ஒழுங்காக என்று சொல்ல முடியாது. நியூ ஆர்லியன்ஸில் இருக்கிற டுலேன் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2005 ஆகஸ்ட் கடைசியில் கத்ரீனா புயல் வந்து அந்தப் பருவமே மூடிக்கிடந்தது. ஆனாலும் முழுநேர ஊழியர்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருந்தது. ஊரில் பள்ளிக்கூடமே இல்லாமல் ஆசிரியர்கள் எப்படித் திரும்பி வருவார்கள் என்று யோசித்து, ஒரு பள்ளியைத் திறப்பதற்குத் தானே கை கொடுத்து, ஊழியர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடம் வாங்கியது. வீடு இல்லாதவர்களைத் தங்கவைக்கக் கப்பல்கூட ஏற்பாடு செய்தார்கள். 2006 ஜனவரியில் வகுப்பு தொடங்கியது. எனக்கு இதில் பிடித்தது அந்தப் பள்ளி யோசனைதான், ஒரு விரிவுரையாளர் வேலைக்கு வரவேண்டுமானால் அவருடைய பிள்ளையைக் காலையில் எங்கேயாவது விடவேண்டும் என்பதை ஒரு நிர்வாகம் புரிந்துகொண்டது.

ஆனால் அதற்கு முந்தின மாதம், 2005 டிசம்பரில், பணமில்லை என்று இருநூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும் அறிவித்தார்கள், பெரும்பாலும் மருத்துவப் பிரிவில். புயலில் வீட்டையும் இழந்து வேலையையும் இழந்தவர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். பாராட்டும்போது இதை மறைக்கக்கூடாது. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தக்காரர்களை நம்பியே ஓடுகிற நிலையில், பேரிடர் வந்த வருஷத்தில் யாருடைய ஒப்பந்தத்தையும் முறிக்கமாட்டோம் என்று இப்போதே விதியில் எழுதி வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

நாங்கள் மாணவர்கள். சனிக்கிழமை மண்வெட்டியோடு போய்ச் சேறு அள்ளலாம் என்று இருக்கிறோம். பிரயோஜனம் உண்டா? (வெஸ்ட்வில்)

நிச்சயம் உண்டு தம்பி. நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் நகரத்தில் 2010-லும் 2011-லும் நிலநடுக்கம் வந்தபோது, கேன்டர்பரி பல்கலைக்கழக மாணவர்கள் முகநூலில் ஆள் சேர்த்து, பூமிக்குள்ளிருந்து பொங்கி வீதியெல்லாம் நிறைந்த வண்டலை ஆயிரக்கணக்கில் திரண்டு அள்ளினார்கள். அங்கே பல வகுப்புகள் கூடாரத்தில்தான் நடந்தன.

வயதானவர்கள் தனியாக இருக்கிற வீடுகளிலிருந்து தொடங்குங்கள், யாராவது ஒருவரின் பக்கி வண்டியை (பின்னால் திறந்த சின்னச் சரக்கு வண்டி) நாள் முழுக்கக் கேட்டு வாங்கி வையுங்கள், அள்ளின சேற்றை வடிகால் வாயில் கொட்டாதீர்கள். நனைந்த பொருளைத் தூக்கிப்போடும் முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள், நமக்குக் குப்பையாகத் தெரிவது அவருடைய கல்யாண ஆல்பமாக இருக்கும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் யாரும் இறங்கவேண்டாம், காலில் வெட்டுக்காயம் இருப்பவர் அன்றைக்கு வண்டியோடு நிற்கட்டும். வெள்ளத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்திருக்கும், அதிலிருந்து வருகிற எலிக்காய்ச்சல் சில நாள் கழித்துத்தான், சிலருக்கு மூன்று நாலு வாரம் கழித்தும் தலைகாட்டும். திடீர்க் காய்ச்சலோடு கெண்டைக்கால் தசை வலித்தால் சாதாரணச் சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் போங்கள், போனதும் வெள்ளச் சேற்றில் இறங்கி வேலை செய்தேன் என்பதை முதலில் சொல்லுங்கள்.