காய்ச்சலோட தனியா வண்டி ஓட்டிட்டு போனவருக்கு

அக்கா,

எனக்கு 48 வயசு, பிரஷருக்கு மாத்திரை போடுறேன். அடுத்தவங்களுக்கு நல்லது செஞ்சா பிரஷர் குறையும், ஆயுசு கூடும்னு படிச்சேன். அப்படின்னா வாரத்துக்கு எத்தனை மணி நேரம் செஞ்சா போதும்? மாத்திரையை குறைச்சுக்கலாமா? நான் இயல்பாவே உதவுற ஆள்தான், ஆனா யார்கிட்டயும் எதுக்கும் போய் நின்னதில்ல. போன மாசம் கடும் காய்ச்சல், அப்பகூட யாரையும் தொந்தரவு பண்ணாம நானே வண்டி ஓட்டிட்டு ஆஸ்பத்திரி போய்ட்டு வந்தேன், வைஃபுக்கே அப்புறம்தான் தெரியும்.

ஒரு வாசகர்

தம்பி,

மாத்திரையை பத்தி உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா குறைக்காதீங்க. கடிதத்தோட ஆக்ஸிடோசின்னு, பாசம் காட்டுறப்ப உடம்புல சுரக்குற ஹார்மோனாம், அதைப் பத்தி நாலு லிங்க் அனுப்பியிருந்தீங்க, நான் திறக்கல.

நீங்க படிச்சது பொய்யில்ல. 2016ல வந்த ஒரு ஆய்வுல பிரஷர் இருக்கிற வயசானவங்களுக்கு வாரம் 40 டாலர்னு மூணு வாரம் கொடுத்து, சிலரை தனக்கே செலவு பண்ணச் சொன்னாங்க, சிலரை அடுத்தவங்களுக்கு. அடுத்தவங்களுக்கு பண்ணவங்களுக்குத்தான் பிரஷர் இறங்கியிருந்துச்சு. ஆனா உடனே மணிக்கணக்கு கேட்டு வந்துட்டீங்களே, அதான் உதைக்குது. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல 1957ல ஸ்கூல் முடிச்சவங்களை வருஷக்கணக்கா தொடர்ந்து கவனிச்சு வந்தாங்க, அந்த தகவலை வச்சு சாரா கான்ராத்ங்கிற ஆய்வாளரும் அவங்க குழுவும் 2012ல ஒண்ணு எழுதினாங்க. அடுத்தவங்களுக்காகன்னு தொண்டு செஞ்சவங்க நாலு வருஷத்துல கம்மியாத்தான் செத்திருந்தாங்க, தனக்கு ஏதாவது கிடைக்கும்னு செஞ்சவங்க நிலைமையும் ஒண்ணுமே செய்யாதவங்க நிலைமையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். போதுமா?

48 வயசுல பிரஷர்னா பயம் வரத்தான் செய்யும், அதுக்கு உங்களை குத்தம் சொல்ல மாட்டேன். என்னால விட முடியாதது அந்த காய்ச்சல் கதை. பெருமையா வேற எழுதியிருக்கீங்க!

என் பெரியம்மா இப்படித்தான். சொந்தத்துல யாருக்கு பிரசவம், யாருக்கு ஆபரேஷன், எல்லாத்துக்கும் முதல் ஆளா போய் நிப்பாங்க, ராத்திரி கண் முழிப்பாங்க, திரும்ப யாரும் ஒரு டம்ளர் தண்ணி எடுத்துக் கொடுத்தாக்கூட "வை வை, நான் எடுத்துக்குறேன்"தான். கடைசியில இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்தாங்க. என் சித்தி, பெரியம்மா கையால எத்தனையோ வாங்கினவங்க, துணிமணி எடுத்துக்கிட்டு பாத்துக்க வந்தாங்க. ரெண்டு நாள்ல கிளப்பி விட்டாச்சு, சம்பளத்துக்கு ஆள் இருக்கு உனக்கெதுக்கு சிரமம்னு. பெரியம்மா போனப்ப எல்லாரும் அவங்க நல்ல மனசைச் சொல்லி அழுதாங்க, சித்தி மட்டும் "கடைசி வரைக்கும் என்னை கடன்காரியாவே வச்சிருந்துட்டு போய்ட்டா"ன்னு திட்டித் திட்டி அழுதாங்க. அப்ப எனக்கு அது அசிங்கமா பட்டுச்சு. இப்ப படல.

2003ல ஸ்டெஃபனி பிரவுன்ங்கிற ஆய்வாளரோட குழு 423 வயசான தம்பதிகளை அஞ்சு வருஷம் கவனிச்சு சொன்னது, உதவி செஞ்சவங்களுக்குத்தான் சாவு அபாயம் குறைஞ்சுது, உதவி வாங்கினவங்களுக்கு அந்தப் பலன் தெரியல. உடனே நீங்க, ஆஹா அப்ப வாங்காம கொடுத்துக்கிட்டே இருக்கலாம்னுதான் படிப்பீங்க. நான் அப்படி படிக்கல. கொடுக்குறவங்களுக்குத்தான் நல்லதுன்னா வாங்கிக்க ஒருத்தர் வேணுமா இல்லையா? எல்லாரும் கையை நீட்டிக் கொடுக்க மட்டும் நின்னா யார்தான் வாங்குறது? ஊருக்கெல்லாம் ஓடி ஓடி செய்யுற நீங்க, அதே நல்லது உங்க வைஃபுக்கு கிடைக்க விடாம கதவை சாத்திட்டு போயிருக்கீங்க. தொந்தரவு கொடுக்கலையாம். அவங்க கேட்டாங்களா தொந்தரவு வேணாம்னு? கொடுக்குறப்ப கை மேல இருக்கு, அதுல ஒரு ருசி இருக்கு தம்பி, அதை விட மனசில்லாமத்தான் நம்மள்ல நிறைய பேர் வாங்க மாட்டேங்குறோம், அதுக்கு நல்ல மனசுன்னு பேர் வச்சுக்குறோம். வாங்குறப்ப கொஞ்சம் குனியணும். அது கஷ்டம்தான், எனக்கும் கஷ்டம்.

இந்தப் பதிலை வைஃபுக்கு படிச்சுக் காட்டுங்க. அடுத்த கடிதம் அவங்க எழுதட்டும், அதுக்கு பதில் போடுறேன்.