சொல்லிடைவெளியும் மெல்லிடைவெளியும்: கேள்வி பதில்

கேள்வி: எழுத்துருவில் சொல்லிடைவெளியின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: ஓர் எம் (எழுத்தின் புள்ளி அளவுக்குச் சமமான அகலம்) அளவில் கால் பங்கு என்பது பழைய வழக்கு, அதைத் தொடக்கமாகக் கொள்ளலாம், விதியாகக் கொள்ளலாகாது. ‘ப’வின் வாய்க்குள் இருக்கும் வெண்மையைப் பாருங்கள்: அதைவிடச் சொல்லிடைவெளி ஒடுங்கிவிட்டால், சொல் எங்கே முடிகிறது என்பதைக் கண் தேட வேண்டியிருக்கும். ஆங்கில எழுத்துகளுக்கென அமைத்த வெற்றிடத்தைத் தமிழுக்கும் அப்படியே விட்டுவைப்பதே நான் அடிக்கடி காணும் பிழை.

கேள்வி: எண்ணுக்கும் அலகுக்கும் நடுவே மெல்லிடைவெளி, அதாவது வழக்கமானதைவிடக் குறுகிய இடைவெளி, இட்டேன். ‘25’ ஒரு வரியிலும் ‘கி.மீ.’ அடுத்த வரியிலும் விழுந்தன.

பதில்: நீங்கள் இட்டது யூனிகோடில் 2009 என்னும் எண்ணுள்ள குறியீடு (U+2009), அவ்விடத்தில் வரி உடையலாம். உடையாத குறுகிய இடைவெளிக்கு 202எஃப் (U+202F) என்னும் தனிக் குறியீடு 1999இல், யூனிகோடு 3.0இல், சேர்க்கப்பட்டது. உங்கள் எழுத்துருவில் அது உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் வேறோர் எழுத்துரு அந்த வெற்றிடத்தைக் கடன் கொடுக்கும், அகலம் பொருந்தாது.

கேள்வி: மெல்லிடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் தெரிகிறது.

பதில்: அக்குறியீடு எழுத்துருவில் இல்லை, எழுத்துருவைப் பாருங்கள் என்றேனே.

கேள்வி: பத்தித் தொடக்கத்தில் ஐந்து இடைவெளிகள் போதுமா?

பதில்: ஒன்றுகூட வேண்டாம். உள்தள்ளலைப் பத்தி அமைப்பில் கொடுங்கள்.

கேள்வி: முதல் பதிலை மறுக்கிறேன். இருபுறமும் சமன்செய்த வரியில் மென்பொருளே இடைவெளியை நீட்டிச் சுருக்கும்போது, வடிவமைப்பாளர் அளந்து வைத்த அகலத்துக்கு என்ன மதிப்பு?

பதில்: நல்ல மறுப்பு, ஆனால் மென்பொருள் எதை நீட்டுகிறது? பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனின் இயல்பு அமைப்பில் சொல்லிடைவெளிக்குக் கீழெல்லை 80, விரும்பும் அளவு 100, மேலெல்லை 133 விழுக்காடு. மூன்றும் எழுத்துருவின் அகலத்தைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. எம் 1000 அலகாக உள்ள எழுத்துருவில் இடைவெளி 200 என்றால், அது 266 வரையே நீள விரும்பும். 280 என்று வைத்த எழுத்துருவின் இயல்பு நிலையைக்கூட அது எட்டாது. டெக் (TeX) என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளிலும் இதே நிலைதான்: கம்ப்யூட்டர் மாடர்ன் 10 புள்ளி எழுத்துருவில் இயல்பு இடைவெளி 3.33 புள்ளி, சுருக்கம் 1.11 புள்ளி, அச்சுருக்க எல்லையை டெக் ஒருபோதும் தாண்டாது, நீட்சியை மட்டுமே வேறு வழியின்றித் தாண்டும். நீள்சொற்கள் மிகுந்த தமிழில், வரி முடிவில் சொற்களை உடைக்காமல் குறுகிய பத்தியைச் சமன்செய்தால் அதுவே நிகழ்ந்து, அகன்ற இடைவெளிகள் வரிக்கு வரி ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து, வெள்ளை ஓடைகளாகப் பக்கத்தில் இறங்கும். இடப்பக்கம் மட்டும் சீரமைத்த வரியிலோ, வடிவமைப்பாளர் வைத்த அகலம் மாறாமல் நிற்கிறது.

கேள்வி: எண்ணும் அலகும் வரி முடிவில் பிரிகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டாம் கேள்வி. 202எஃப்.

கேள்வி: வேறிடத்திலிருந்து படியெடுத்த சொல் கண்ணெதிரே இருந்தும் தேடலில் அகப்படவில்லை.

பதில்: அதனுள் கண்ணுக்குத் தெரியாத அகலமில்லா இடைவெளி, 200பி (U+200B), ஒளிந்திருக்கக்கூடும். அச்சொல்லை அழித்துவிட்டு நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள்.