கிளவுன் மீனுக்கு உடம்பு சரியில்லையா? வேலூர் வெயிலில் வந்த கேள்விகளும் பதில்களும்

அக்னி நட்சத்திரம் பிறந்ததிலிருந்து, வீட்டில் உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்துக் கிளவுன் மீன் (ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட சின்னக் கடல் மீன்) வளர்ப்பவர்களின் கேள்விகள் குவிந்துவிட்டன. உயிர் போகிற அவசரத்தில் இருப்பவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

சத்துவாச்சாரி: அக்கா, மூணு நாள் முன்னாடி சென்னை கொளத்தூர்ல வாங்கின ஜோடி. நேத்து ராத்திரியிலேர்ந்து பெரிசு மேல சளி மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு, தோல் உரியற மாதிரி தெரியுது. சாப்பிடல. மேலயே நின்னு மூச்சு வாங்குது. வெள்ளைப்புள்ளி மருந்து ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள் தம்பி. நீங்கள் சொல்வது புரூக்லினெல்லா. கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி. கிளவுன் மீனைத்தான் அதிகம் பிடிக்கும், கடலில் பிடித்து வந்த மீன் என்றால் இன்னும் அதிகம். வெள்ளைப்புள்ளிக்குப் போடும் காப்பர் மருந்து இதற்குக் கேட்காது. என் முதல் ஜோடிக்கு இதே நோய் வந்தபோது வெள்ளைப்புள்ளி என்று நினைத்து இரண்டு நாள் காப்பரில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் இரண்டுமே இல்லை. அந்த இரண்டு நாளை நீங்கள் இழக்கக் கூடாது.

இதற்கு மருந்து ஃபார்மலின் குளியல். ஒரு பக்கெட்டில் 10 லிட்டர் புது உப்புத் தண்ணீர், டேங்க்கில் இருக்கும் அதே சூடு, அதே உப்பு அளவில் எடுங்கள். ஃபார்மலின் தண்ணீரிலுள்ள ஆக்ஸிஜனைக் குறைத்துவிடும், அதனால் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோனைப் பத்து நிமிடம் முன்பே ஓடவிட்டு, குளியல் முடியும்வரை நிறுத்தாதீர்கள். 37 சதவீத ஃபார்மலின் 1.5 மில்லி, சிரிஞ்சில் அளந்து விடுங்கள். நம் ஊர் சூட்டில் அதற்கு மேல் போகக் கூடாது. நன்றாகக் கலந்த பிறகு மீனை விட்டு, 30 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை வைக்கலாம். அந்த நேரம் முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். கொஞ்ச நேரத்தில் சளி பாலாடை மாதிரி கிழிந்து மிதக்க ஆரம்பிக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். மீன் சாய்ந்தாலோ துள்ளித் துடித்தாலோ உடனே எடுத்துவிடுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். சின்னது நன்றாகத் தெரிந்தாலும் அதற்கும் குளியல் உண்டு.

குளியல் முடிந்ததும் பழைய டேங்க்கில் விடாதீர்கள், ஒட்டுண்ணி அங்கேதான் இருக்கிறது. புது உப்புத் தண்ணீர், ஏர் ஸ்டோன், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டு போட்ட தனித் தொட்டி போதும். குளியலை மாடியிலோ வராண்டாவிலோ வைத்துக்கொள்ளுங்கள். கையுறை கட்டாயம், குழந்தைகள் கிட்டே வரக் கூடாது. ஃபார்மலின் பாட்டில் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அது மீனுக்கு விஷம், அந்தப் பாட்டிலே வேண்டாம்.

ஆற்காடு: மேம், உடம்பு பூரா தங்கப் பொடி தூவின மாதிரி இருக்கு. லைட் போட்டா ஒளிஞ்சிக்குது, மத்தபடி தண்ணில அலை கிளப்பற வேவ்மேக்கர் எதிர்லயே நீந்திட்டு இருக்கு.

இது வெல்வெட் என்கிற ஒட்டுண்ணி நோய். மிக வேகமாகக் கொல்லும். இன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்றிக் காப்பர் ஆரம்பியுங்கள். காப்பர் டெஸ்ட் கிட் இல்லாமல் தொடாதீர்கள்: மருந்து அயானிக் காப்பர் வகை என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், குறைந்தால் நோய் போகாது, கூடினால் மீன் போகும். கீலேட்டட் வகைக்கு அளவே வேறு, பாட்டிலில் போட்டிருப்பதைப் பின்பற்றுங்கள்.

காட்பாடி: அக்கா, உப்புக்கல் ஒட்டின மாதிரி பத்துப் பதினஞ்சு புள்ளி இருந்துச்சு, நல்லா சாப்பிட்டுச்சு. நாலாம் நாள் தானா மறைஞ்சிடுச்சு. சரியாயிடுச்சா?

இல்லை, கீழே இறங்கியிருக்கிறது. வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி மீன் மேல் சில நாள் தின்றுவிட்டு, உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டும். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் மீனைத் தேடி வரும். முதல் சுற்றில் பத்துப் புள்ளி, அடுத்த சுற்றில் எண்ண முடியாது.

சாப்பிடுகிற மீன் என்பதால் மருந்தில்லாமலே ஒரு வழி இருக்கிறது. இரண்டு பிளாஸ்டிக் டப் வாங்குங்கள். 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மீனை மட்டும் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற வேண்டும், மொத்தம் நாலு மாற்றம். கூடு கட்டியது பழைய டப்பிலேயே தங்கிவிடும். காலியான டப், ஏர் ஸ்டோன், குழாய் எல்லாவற்றையும் கழுவி மாடியில் வெயிலில் காய வையுங்கள். ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்தால் கூடு செத்துவிடும், அந்த விஷயத்தில் வேலூர் வெயில் நம் பக்கம். சின்னத் தண்ணீர் என்பதால் அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். பெரிய டேங்க்கில் ஒரு மீன்கூட இல்லாமல் 76 நாள் விட வேண்டும்.

தொரப்பாடி: டேங்க்ல அனிமோன் (கடல் சாமந்தி), இறால், நத்தை எல்லாம் இருக்கு. அதிலேயே மருந்து போட்டா என்ன?

காப்பர் போட்டால் அவை எல்லாமே செத்துவிடும். பாறையும் மணலும் காப்பரைக் குடித்து வைத்துக்கொள்ளும். எந்த மருந்தும் தனித் தொட்டியில்தான்.

வாலாஜா: எங்க அத்தை மஞ்சள்தூள் போடச் சொல்றாங்க. கடையில பூண்டுச் சாறு சொல்றாங்க.

நல்ல தண்ணீர் மீனுக்குப் புண் வந்தால் மஞ்சள் போடும் வழக்கம் இருக்கிறது, அத்தை அதை நினைத்துச் சொல்லியிருப்பார்கள். இந்த ஒட்டுண்ணிகளுக்கு மஞ்சளை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். பூண்டு வாசனைக்குச் சாப்பிடாத மீன் வாய் திறக்கலாம், நோய் தீராது.

குடியாத்தம்: மத்தியானம் தண்ணி 31 டிகிரி. சில்லர் வாங்க வசதி இல்ல. கரண்ட் வேற போகுது.

சூடு ஏற ஏறத் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், நோயில் செவுள் பழுதான மீனுக்கு அது இரட்டை அடி. மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாமல் வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வையுங்கள். சென்னையின் புழுக்கத்தைவிட நம் வறண்ட காற்றில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும். அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரைத் தினமும் ஊற்றி உப்புத் தண்ணீரின் அடர்த்தியை 1.025-லேயே வையுங்கள். கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்ப். அதுவும் இல்லையென்றால் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். நான் ஒரு ராத்திரி முழுக்க அப்படி ஊற்றியிருக்கிறேன்.

ராணிப்பேட்டை: உப்பு கலக்க போர் தண்ணி சரிப்படுமா?

வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று யாருக்கும் உத்தரவாதம் இல்லை. ஆர்.ஓ. தண்ணீர்தான், டி.டி.எஸ். மீட்டரில் பார்த்துவிட்டு.

ஆம்பூர்: ராத்திரி லைட் அணைச்சா மூலையில ஒருக்களிச்சுப் படுத்துக்குது. காலையில நல்லா இருக்கு.

தூங்குகிறது. விட்டுவிடுங்கள்.

பேரணாம்பட்டு: பையன் ஆசைப்படறான், முதல் ஜோடி வாங்கப் போறோம். நோய் வராம வாங்கறது எப்படி?

தொட்டியில் பொரித்த குஞ்சா என்று கேட்டு வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் கிளவுன் மீனைக் குஞ்சு பொரிக்கும் முறையை எப்போதோ நிலைநாட்டிவிட்டது, கடலில் பிடித்ததுதான் வேண்டும் என்றில்லை. கடையில் உணவு போடச் சொல்லி, அது தின்பதைக் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள். வீட்டுக்கு வந்ததும் 30 நாள் தனித் தொட்டி. நலமாக இருக்கும்போதே, நிமிடத்துக்கு எத்தனை முறை செவுள் அடிக்கிறது என்று பையனை எண்ணி நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பின்னால் சந்தேகம் வரும் நாளில் ஒப்பிட அந்த எண் வேண்டும்.

சத்துவாச்சாரி (மறுபடியும்): அக்கா, ரெண்டு குளியல் ஆச்சு. தோல் தெளிவா இருக்கு. இன்னைக்குக் காலையில பெரிசு ஒரே ஒரு மைசிஸ் (இறால் மாதிரி சின்னத் தீனி) வாங்கிச்சு! திரும்ப டேங்க்ல விட்டுடலாமா?

படித்ததும் கண் கலங்கிவிட்டது தம்பி. பெரிசுதான் பெண். அது போயிருந்தால் சின்னது நாளடைவில் பெண்ணாக மாறியிருக்கும், ஜோடி திரும்பியிருக்காது. ஆனால் இப்போது டேங்க்கில் விடாதீர்கள். அது ஆறு வாரம் மீனில்லாமல் ஓடட்டும், மீனை எடுத்த நாளைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். மூன்றாம் குளியல் நாளைக்கு. இன்றைக்குச் சாயங்காலம் இன்னொரு மைசிஸ் கொடுத்துப் பாருங்கள், வாங்கினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.